வசவு வாங்க நிறுத்தப்பட்ட அப்பாவுக்கு

என் பிரியமான அப்பா,

மன்னித்துக்கொள்ளுங்கள். எதிரே இருந்தபோது நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசாத பெண், நீங்கள் போன பிறகு கடிதம் எழுதுகிறேன். அதுவும் ஊரே படிக்கும்படி. ஆனால் திங்கட்கிழமை நடந்ததை உங்களிடம் சொல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை.

நீங்கள் வால்வு திறந்துவிட்ட அதே குடிநீர் அலுவலகத்தில்தான் இப்போது நான் தட்டச்சு செய்கிறேன். பி.காம். பட்டம் உதவியது. வாரிசு வேலை என்பதால், நீங்கள் இறந்தது அதைவிட உதவியது என்று சொல்ல வாய் கூசுகிறது.

அங்கே ஒரு வழக்கம் இருந்ததே, நினைவிருக்கிறதா? காலிக் குடங்களோடு பெண்கள் வாசலை மறித்தால் என்ஜினீயர் உங்களைக் கூப்பிடுவார். எல்லார் முன்னாலும் வைவார். நீங்கள் கைகட்டி, "தப்புத்தானுங்க" என்பீர்கள். கூட்டம் திருப்தியாகக் கலைந்துவிடும். பிறகு அவரே உங்களுக்கு டீ வாங்கித் தருவார். வீட்டுக்கு வந்து, "இன்னைக்கு வசவு பலம் கண்ணு, போண்டாவும் சேர்த்துக் குடுத்தாங்க" என்று சிரிப்பீர்கள். அம்மா மட்டும் சிரிக்கமாட்டாள்.

இப்போது அரசாங்கம் புதிதாக ஓர் ஏற்பாடு கொண்டுவந்திருக்கிறது. எந்தக் குறையை எத்தனை நாளில் தீர்ப்போம் என்று வாசலில் பலகை வைக்க வேண்டும். அதில் அலுவலகத் தலைவரின் பெயர் இருக்க வேண்டும். சொன்னபடி நடக்காவிட்டால் அவர்தான் மக்களுக்கும் மேலிடத்துக்கும் பதில் சொல்ல வேண்டும். பலகைக்கு வாசகம் அடித்தது நான்தான் அப்பா. அடிக்கும்போது நம்பவில்லை.

முதல் குறைகேட்புக் கூட்டம் திங்கட்கிழமை சிங்காநல்லூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. பத்து நாளாகத் தண்ணீர் இல்லாத வீதிக்காரர்கள் வந்திருந்தார்கள். புதிய என்ஜினீயர் உட்கார்ந்ததுமே எங்கள் மேனேஜர் பழைய பழக்கத்தில், உங்கள் இடத்துக்கு வந்திருக்கும் வேலுச்சாமி அண்ணனை முன்னால் தள்ளிவிட்டார்.

"தப்புத்தானுங்க" என்றார் அண்ணன்.

"என்ன தப்பு?" என்று கேட்டார் என்ஜினீயர்.

"தெரியலீங்க. கூப்டாங்க, வந்தேன்."

மண்டபமே சிரித்தது. என்ஜினீயர் சிரிக்கவில்லை. "நீங்க போய் உட்காருங்க. மோட்டார் எரிஞ்சுபோச்சு. புதுசு வாங்கற ஃபைல் என் மேசையிலதான் கிடந்தது. நான்தான் பார்க்கலை" என்றார்.

முன்வரிசை அம்மா ஒருவர் எழுந்தார்.

"ஏனுங்க சார், நீங்களே ஒத்துக்கிட்டா நாங்க யாரைங்க வையறது?"

"என்னை வையுங்கம்மா."

"உங்களை எப்டீங்க? வாங்க போங்கன்னுதான வாயில வருது."

"அப்படியே வையுங்க."

"அப்பக் கேட்டுக்குங்க. குடத்தத் தூக்கிக்கிட்டு நாங்க மில்லு கேட்டுல போய் நின்னமே, ஒருக்காவாச்சும் வந்து எட்டிப் பாத்தீங்களாங்க? ஃபேனுக்கடியில உக்காந்திருந்தா எங்க தாகம் தெரியுமாங்க?"

இவ்வளவு மரியாதையான வசவை நான் கேட்டதே இல்லை. அவர் தலைகுனிந்து கேட்டுக்கொண்டார். வியாழனுக்குள் தண்ணீர் வரும் என்றார். புதன்கிழமையே வந்துவிட்டது.

இனிமேல்தான் என் கதை. கூட்ட நடவடிக்கையைத் தட்டச்சு செய்ய உட்கார்ந்தேன். மேனேஜர் வந்து, "காரணம்னு கேட்ட எடத்துல பணியாளர் கவனக்குறைவுன்னு போட்டுரு அம்மணி. அவரு ஏதோ வாய்தவறிச் சொல்லிப்போட்டாரு. மேல போனா அவருக்குத்தான் கெடுதல்" என்றார். "அவர் சொன்னதைத்தானுங்க போடுவேன்" என்றேன். என் குரல்தான் அப்பா அது. தாளை நானே உள்ளே கொண்டுபோனேன். என்ஜினீயர் இரண்டு முறை படித்தார், பேனாவைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்து கையெழுத்துப் போட்டார். வெளியே வந்த எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

இது எத்தனை நாள் நிலைக்கும்? இவர் மாறிப்போனால் அடுத்தவர் எப்படி இருப்பார்? தெரியாது. ஆனால் நிலைக்கும்போதே ஒன்றைச் செய்துவிட வேண்டும் என்று இருக்கிறேன்.

உங்கள் பணிப் பதிவேட்டைப் பார்த்தேன். மில்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குத் தண்ணீரைத் திருப்பிவிடச் சொன்னவர் உங்களுக்கு டீ வாங்கித் தந்த அதே என்ஜினீயர். வேலையிலிருந்து நிறுத்திவைக்கப்பட்டவர் நீங்கள். அந்தக் கறை இன்னும் உங்கள் பெயரில் இருக்கிறது. அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று, நடந்ததைச் சொல்லி, அதை நீக்கக் கேட்பேன். இது சத்தியம். அப்போது ஓய்வுபெற்று ஆர்.எஸ்.புரத்தில் இருக்கும் அந்தப் பழைய என்ஜினீயரிடமும் விளக்கம் கேட்பார்கள். தீபாவளிக்கு அம்மாவுக்குச் சேலை கொடுத்தனுப்புகிறவர். "பாவம், நல்ல மனுசன் கண்ணு, விட்டுரு" என்று நீங்கள் சொல்வது இப்போதே காதில் விழுகிறது.

அதனால்தான் இதைக் கேட்கத் தயங்கிக்கொண்டே இருந்தேன். எத்தனையோ பேருக்காக நின்றீர்கள். இந்த ஒரு முறை அவருக்காகப் பரிந்து பேசாமல், என் பக்கம் வந்து நில்லுங்கள் அப்பா.

உங்கள் மூத்த பெண்,
சாந்தாமணி