பொன்னையா வீட்டு வெளிச்சம்

அக்கரப்பத்தனை
12.02.2024

அன்புப் பேத்தி நிலக்ஷிக்கு,

அப்பாயி எழுதிக்கொள்வது. மாரியம்மன் புண்ணியத்தில் இருக்கிறேன். போனில் பேசினால் பிறகு நீ, 'அப்படிச் சொல்லலையே' என்பாய். அதனால்தான் எழுதுகிறேன்.

நீ அச்சடித்து அனுப்பிய வெளிச்சத் தாள் வந்தது. கொழுந்து பறிக்கப் போகையில் இடுப்பில் கட்டும் படங்குபோல் சுருட்டலாம், ஆனால் வெங்காயத் தோல் மெல்லிசு. பக்கத்து வீட்டுத் தனுஜா வந்து வயரை மாட்டினாள். புது விளக்கு வந்தால் பழையதை அணைத்துவிட்டுத்தான் சாமிக்கு முன்னால் ஏற்றுவது நம் வீட்டு வழக்கம். சுவிட்சு பழுதாகிக் கிடக்கிறது. அதனால் பல்பையே கழற்றி வைத்தேன். தாள் எரிந்தது. சூடே இல்லை. நீ கேட்டபடி தனுஜா என்னைத் தாளோடு நிற்கவைத்துப் படம் பிடித்தாள்.

'மையால வெளிச்சம் அச்சடிக்கிறாளாம்ல' என்று அன்றைக்குச் சிரித்த சின்னத்தம்பி பெண்சாதியும் பார்க்க வந்தாள். வாசலிலேயே நிற்கவைத்தேன்.

உன் அப்பாயி
நாகலெட்சுமி


ஜெர்மனி
03.04.2024

என் அன்பு அப்பாயிக்கு,

பாவம், அந்த அம்மாவை உள்ளே விட்டிருக்கலாம். தாளின் ஓரத்தை மட்டும் வெட்டிவிடாதீர்கள். காற்றும் ஈரமும் புகுந்தால் கறுப்புப் புள்ளி விழுந்து செத்துப்போகும். அதற்காகத்தான் நாங்கள் அடைத்த பெட்டிக்குள் கையுறை வழியாகக் கையை விட்டு, மயிரைவிட மெல்லிசாக மையைப் படிய வைக்கிறோம்.

உங்கள் படத்தைக் கண்காட்சியில் சுவர் அளவுக்கு வைத்தார்கள். எல்லாரும் அதன் முன்னால்தான் நின்றார்கள். என் வேலை நிரந்தரமாகிவிடும்போல் இருக்கிறது. ஆவணியில் தாத்தா திவசத்துக்கு வருவேன்.

உங்கள் நிலக்ஷி


அக்கரப்பத்தனை
28.04.2024

நிலக்ஷிக்கு,

உன் கண்காட்சிப் படத்தைத் தனுஜாவின் தம்பி கிஷாந்த் போனில் காட்டினான். கீழே என்னடா எழுதியிருக்கிறது என்றேன். "வேணாம் அப்பாயி" என்றான். விடவில்லை. 'கரண்டே வராத தேயிலைத் தோட்டத்து வீட்டில் முதல் வெளிச்சம்' என்று வாசித்தான்.

இந்த லயத்து வீடுகளுக்குக் கரண்டு யார் கொண்டுவந்தது? உன் தாத்தா. வயர் இழுக்காமல் மலைக்கு வேலைக்கு ஏற மாட்டோம் என்று, காலையில் பேர் கொடுக்கும் பெரட்டுக்களத்திலேயே ஆம்பளைகளை நிறுத்தினவர் அவர். தோட்டத்துத் துரை வேலைப் பதிவில் அவர் பேரை மட்டும் வெட்டினான். மற்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டு மலைக்கு ஏறினார்கள். முன்னால் ஏறினவன் சின்னத்தம்பி. பிறகு கம்பம் வந்தது, வயர் வந்தது. இந்த வீட்டில் முதல் பல்பு எரிந்த அன்றைக்கு உன் தாத்தா கினிகத்தேனை டவுனில் ஒரு கடையில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். எல்லாம் உனக்குத் தெரியும். என் மடியில் படுத்துக்கொண்டு கேட்ட கதை.

உன் தாளுக்கு மரியாதை செய்யத்தான் பல்பைக் கழற்றினேன். அந்த வரியை எடுக்கச் சொல். எடுத்துவிட்டு எழுது.

அப்பாயி


ஜெர்மனி
30.05.2024

அன்புள்ள அப்பாயிக்கு,

கோபப்படாதீர்கள். பல்பில்லாத ஹோல்டரைப் பார்த்துவிட்டு அவர்களாக எழுதியது. அச்சுக்குப் போகும் முன் என்னிடம் காட்டினார்கள்தான். இப்போது போய் மாற்றச் சொன்னால், அன்றைக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்கள். அந்தப் படத்தை வைத்துத்தான் எங்கள் பிரிவுக்குப் பணம் வந்திருக்கிறது. என் வேலையும் அதோடுதான்.

ஒரு வரிதானே அப்பாயி. அங்கே யார் அதைப் படிக்கப்போகிறார்கள்? தாத்தா இருந்திருந்தால் என்னைப் புரிந்துகொண்டிருப்பார். திவசத்துக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன்.

நிலக்ஷி


அக்கரப்பத்தனை
22.06.2024

நிலக்ஷிக்கு,

ஒரு வரிதான். துரை உன் தாத்தா பேரை வெட்டியதும் ஒரு வரியில்தான்.

தாத்தா புரிந்துகொண்டிருப்பார் என்று எழுதியிருக்கிறாய். இருக்கலாம். சின்னத்தம்பியைக்கூட அவர் மன்னித்தார், "அவனுக்கும் புள்ளகுட்டி இருக்குல்ல" என்று. நான் மன்னிக்கவில்லை. அவன் செத்ததற்கும் போகவில்லை.

டிக்கெட் எடுத்துவிட்டாய், வா. நானுஓயா ஸ்டேஷனுக்கு வேன் அனுப்பச் சொல்கிறேன். உனக்குப் பிடித்த மாசிச் சம்பல் இடித்து வைப்பேன். படுக்கப் பாய் இருக்கிறது.

திவசத்தன்று அவர் படத்துக்கு முன்னால் நீ விளக்கேற்ற வேண்டாம். தனுஜாவிடம் சொல்லிவிட்டேன், அவள் ஏற்றுவாள். நீ வாசலில் நின்று, வந்தவர்களுக்குத் தேத்தண்ணி கொடு.

இப்படிக்கு
பொன்னையா மனைவி நாகலெட்சுமி