நாயின் வாயில் இருந்த சொல்

மார்ச் 7, 1978, செவ்வாய்

இன்று ஒரு முழுப் பக்கத்தை நானே படித்தேன்! "இனி கிழவரக் கையில பிடிக்க முடியாது," என்றாள் என் மனைவி எட்னா.

மிஸ் லாங்லி செவ்வாய்தோறும் வீட்டுக்கு வந்து இந்த வயதில் எனக்கு எழுத்துச் சொல்லித் தருகிறார். இந்த நோட்டில் எழுதிப் பழகச் சொன்னவரும் அவர்தான். லீட்ஸ் நகரத்துக்காரர், போன வருடம்தான் இந்தப் பள்ளத்தாக்குக்குக் குடிவந்தார். பாடம் முடியும்வரை அவருடைய செந்நிற நாய் மேஜர் மேசைக்கு அடியில் தூங்கும்.

வெகுநாளாக இருந்த சந்தேகத்தைக் கேட்டேன். வொரி என்ற சொல். ஆட்டைத் துரத்திக் கடித்து வொரி செய்யும் நாய் சுடப்படும் என்று மேய்ச்சல் கதவில் பலகை இருக்கிறது. மகளை நினைத்துக் கவலைப்பட்டு எட்னாவும் வொரி செய்கிறாள். இரண்டுக்கும் ஒரே சொல்லா?

டீச்சர் அகராதியை விரித்தார். ஆயிரம் வருடத்துக்கு முன் அதற்குக் கழுத்தை நெரிப்பது என்று பொருளாம். பிறகு நாய் ஆட்டின் தொண்டையைக் கவ்வி உலுக்குவது. அப்புறம் ஒருவருக்கு ஒருவர் தொல்லை கொடுப்பது. மனிதன் கவலையில் தன்னையே கவ்விக்கொண்டது கடைசியில்தான். அதற்கு இருநூறு வருடம்கூட ஆகவில்லையாம்.

அப்படியானால் அதற்கு முன்னே இருந்தவர்கள் கவலையில் தூங்காமல் படுத்துப் புரண்டதற்கு என்ன பெயர்?

மார்ச் 8

எட்னாவிடம் கேட்டேன். "பேரில்லாட்டி வலிக்காதாக்கும்?" என்றாள்.

மார்ச் 11, சனி

பக்கத்துப் பண்ணை வில்ஃபின் ஆட்டை ஏதோ நாய் கவ்வியிருக்கிறது. தொண்டையில் பல் தடம். ஆடு பிழைத்துவிடும். ஆனால் மிரண்டு ஓடிய இரண்டு சினை ஆடுகள் குறைமாதத்தில் செத்த குட்டியைப் போட்டுவிட்டன. வில்ஃப் துப்பாக்கியோடு கல்சுவர் ஓரம் உட்கார்ந்திருக்கிறான். சட்டமும் அவன் பக்கம்.

"ராணியம்மா வீட்டு நாயா இருந்தாலும் சுடுவேன்டா."

மார்ச் 12

பார்த்துவிட்டேன். ஓடைக்கரையில், விடிந்த கொஞ்ச நேரத்தில். மேஜர். வயிறெல்லாம் ஈரம், பல்லிடுக்கில் ஆட்டு ரோமம். என்னைக் கண்டதும் வாலை ஆட்டியது.

சொன்னால் நாய் போய்விடும். நாய் போனபின் டீச்சர் இந்தப் படி ஏறுவாரா? சொல்லாவிட்டால் அடுத்த ஆடு—

சோறு இறங்கவில்லை. தொண்டையில்தான் நிற்கிறது. கவலை தொண்டையில் நிற்கும் என்று அந்தப் பழைய ஆட்களுக்கு எப்படித் தெரிந்தது?

மார்ச் 13

முதலில் டீச்சரிடம் சொன்னேன். முகம் வெளுத்துப்போயிற்று. "இவனா? பூனையப் பாத்தாலே என் பின்னாடி ஒளிஞ்சுக்குவானே!"

"பூனை நின்னு அறையும் டீச்சர். ஆடு ஓடும்."

சொல்லி முடிக்கும்போதே யோசனை வந்தது. ஓடாத ஆடு ஒன்று என்னிடம் இருக்கிறதே! என் கிடா, பிஷப். முறுக்குக் கொம்பன். இப்படிப்பட்ட நாயைக் கிடாவோடு அடைத்து, ஆடு என்றாலே பயப்படும்படி முட்டு வாங்கவைப்பது எங்கள் பக்கத்துப் பழைய வைத்தியம். எல்லா நாய்க்கும் பலிக்காது.

வில்ஃபிடம் போனேன். நாய் யாருடையது என்று நான் சொன்னதும் எழுந்துவிட்டான்.

"தள்ளுடா ஆம்ப்ரோஸ்."

"நாளைக்கு ஒரு காலைப்பொழுது குடு. பிஷப்கிட்ட விட்டுப் பாப்போம். அப்பறம் உன் இஷ்டம்."

வில்ஃப் சிரித்தேவிட்டான். "அதுக்கு நான் சுடுறதே புண்ணியம்டா."

மார்ச் 14

மேஜரைப் பிஷப்போடு தொழுவத்தில் விட்டுக் கதவைச் சாத்தினோம். டீச்சர் காதைப் பொத்திக்கொண்டு முற்றத்தில் நின்றார். மேஜருக்கு ஒரு விலா முறிந்தது.

பாடம் இல்லை.

மார்ச் 21

டீச்சர் வரவில்லை. "பொழுதுக்கும் வாசலையே பாக்காதீங்க," என்றாள் எட்னா. அவளும்தான் பார்த்தாள்.

மார்ச் 28

வந்தார்! மேஜரும் வந்தது. வழியில் வில்ஃப் நிறுத்தி, தன் மந்தைக்கு நடுவே இரண்டு பேரையும் நடக்கவிட்டுப் பார்த்தானாம். பிறகு துப்பாக்கியை மடக்கி, தோட்டாக்களை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டானாம். "போங்க டீச்சர், கிழவன் காத்துக்கிட்டிருப்பான்," என்றானாம்.

இரண்டு பக்கம் படித்தேன். நடுவில் வெளியே ஓர் ஆடு கத்தியது. மேசைக்கு அடியில் மேஜர் என் காலோடு வந்து ஒட்டிக்கொண்டது. குனிந்து கழுத்தில் கை வைத்தேன். உள்ளங்கைக்குக் கீழே அதன் தொண்டை எதையோ விழுங்கிக்கொண்டே இருந்தது.

"அடுத்த வரி, மிஸ்டர் கோட்ஸ்," என்றார் டீச்சர்.

கையை எடுக்காமல் படித்தேன்.