பச்சைக் கதவு வாசலில் இறங்கியவன்

அண்ணே,

இன்று காலை மழையில் நனைந்த குதிரை ஒன்று கோயில் தெருவைக் கடந்தது. ஈரத்தோலும் கொள்ளும் கலந்த அந்த வாடை மூக்கில் ஏறியதும் திடுக்கிட்டுத் திரும்பினேன். நீங்கள் போய் நாலு வருஷம் ஆகிறது.

சைகோனில் நம்மவர்கள் ஓட்டிய குதிரைப் பெட்டிவண்டிக்கு வெள்ளைக்காரன் ‘மலபார்’ என்று பேர் வைத்திருந்தான். அதை ஓட்டிய நீங்களோ காரைக்கால்காரர். என் ஏழு வயது மகள் காலில் புண் புரையோடி ஆஸ்பத்திரியில் கிடந்த சமயம் அது. தினமும் வண்டிக்கூலி கொடுத்தால் வீட்டில் அடுப்பு எரியாது. மத்தியான வெயிலில் நடந்துகொண்டிருந்தவனை நிறுத்தி விசாரித்தீர்கள். சொன்னேன்.

“புள்ளயப் பாக்க ஆஸ்பத்திரி போற அப்பங்கிட்ட நான் காசு வாங்குறதில்ல. ஏறு தம்பி.”

ஏறினேன். ஆனால் நம்பவில்லை. நான் துறைமுகக் கிடங்குக் காவல்காரன். ஊரைச் சந்தேகப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். சும்மா ஏற்றுகிறானா, எதற்கு? கிடங்குச் சாவி என் மடியில் இருப்பது தெரிந்திருக்குமோ? போலீசுக்கு ஆளோ? “என்ன வேல பாக்குறே?” என்றீர்கள். “துணிக்கடையில” என்றேன், கூசாமல். திரும்பும்போது என் வீட்டுக்கு நாலு சந்து முன்னாலேயே, யாருடையதோ ஒரு பச்சைக் கதவைக் காட்டி இறங்கிவிடுவேன். வண்டி மறையும்வரை அந்த வாசலில் நிற்பேன். பன்னிரண்டு நாள் இந்த நாடகம். பெரிய கெட்டிக்காரன் என்று என்னையே மெச்சிக்கொண்டேன், மடையன்.

பதின்மூன்றாம் நாள் எனக்கு விடுமுறை, சாயங்காலம் போய்க்கொள்ளலாம் என்று வீட்டிலேயே இருந்தேன். காலையிலேயே மகளுக்குக் காய்ச்சல் ஏறிவிட்டதாம். உடனே காலைக் கீறியாக வேண்டும், அப்பன் கையெழுத்து வேண்டும் என்று டாக்டர் சொல்ல, என்னைத் தினமும் கொண்டுவந்து விடும் உங்களைத்தான் கன்னியாஸ்திரீ அனுப்பினார். நீங்கள் நேரே போய்ப் பச்சைக் கதவைத் தட்டினீர்கள். உள்ளிருந்து வந்த அந்த ஊர்ப் பெண் தலையை ஆட்டினாள். சந்து முழுக்கத் தட்டினீர்கள். மார்க்கெட்டில் துணிக்கடை ஒவ்வொன்றாய் ஏறி இறங்கினீர்கள். கடைசியில் மாரியம்மன் கோயில் பூக்காரர்தான் என் வீட்டைக் காட்டினார். அதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது.

வழியில் நீங்கள் திட்டவில்லை. ஒன்றே ஒன்று கேட்டீர்கள்.

“அந்தப் பச்சக் கதவு ஒன் வீடு இல்லியா, தம்பி?”



காலையிலேயே வந்திருந்தால் கால் முழுசாய்த் தேறியிருக்கும் என்றார் டாக்டர். உயிர் தப்பியது. கால் இழுத்துக்கொண்டது.

அதற்குப் பிறகாவது என் புத்தி சும்மா இருந்ததா? இந்த மனுஷனுக்கு இதில் என்ன லாபம் என்று உங்கள் லாயம்வரை போய்த் துருவினேன். ஒரு குதிரை, ஒரு பாய், கொள்ளு வேகும் பானை. வேறொன்றும் அகப்படவில்லை. உங்களை எடுத்த அன்றுகூட வந்தவர்களிடம் விசாரித்தேன். முக்கால்வாசிப் பேர் என்னைப்போல் அப்பன்மார்கள். ஒருவருக்கும் காரணம் தெரியவில்லை.

இன்றும் நான் யாரையும் லேசில் நம்புவதில்லை, அண்ணே. ஆனால் எவன் வண்டியில் ஏறினாலும் முதலில் விலாசத்தைச் சொல்லிவிடுகிறேன்: கோயில் பின்சந்து, மூன்றாம் வீடு, நீலக் கதவு. போன வாரம் மகள் சிரித்தாள். “ஏம்ப்பா, கூலி பேசாம மொதல்ல வீட்டச் சொல்றீங்க?”

வண்டிப்படியில் அவள் அந்தக் காலைக் கையால் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். அவளிடம் நான் இன்னும் சொல்லவில்லை.