புகாரில் விட்டுப்போன வரி

டீச்சர் அவர்களுக்கு,

வணக்கம். அந்தக் கிளைப் பள்ளிக்கு நீங்கள் மாறிப்போய் ஒரு மாதம் ஆகப்போகிறது. அங்கே ஆய்வுக்கூடமே கிடையாது, ஓர் அலமாரிதான் என்று கேள்விப்பட்டேன். உங்களை அங்கே அனுப்பியது என் புகார்தான். அதை மழுப்ப இதை எழுதவில்லை.

முதலில் என் மனத்தாங்கலைச் சொல்லிவிடுகிறேன். முப்பத்தொரு வருஷமாக இங்கே ஆய்வுக்கூட உதவியாளனாக இருக்கிறேன். படிப்பு எட்டாவதோடு நின்றாலும், புத்தகம் பார்த்துப் பார்த்துக் கரைசல் கலக்கக் கற்றவன். அன்று வகுப்பில் என்னை மேஜை முன்னால் நிறுத்தி, பிள்ளைகள் எழுதிய செய்முறையில் உள்ளதை மட்டும் செய்யச் சொன்னீர்கள். "புனலை வைத்துத் தண்ணீர் ஊற்றவும்" என்று இருந்தது. எதன் மேல் வைப்பது என்று இல்லை. மேஜை மேல் வைத்து ஊற்றினேன். கால்சட்டை முழுக்க நனைந்தது. "பாட்டில் தாத்தா குளிச்சிட்டாரு டோய்!" என்று, பிள்ளைகள் எனக்கு வைத்த பட்டப்பெயரைச் சொல்லி ஒரு குரல். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. புனலை எங்கே வைப்பதென்று எனக்கா தெரியாது?

அறிவியல் வகுப்பில் எழுத்தும் பேச்சும் எதற்கு, சோதனை செய்தால் போதாதா என்று தலைமையாசிரியருக்கு அன்றே எழுதிக் கொடுத்தேன்.

நீங்கள் போனபின் கண் அறுவைக்காகப் பத்து நாள் விடுப்பில் இருந்தேன். என் இடத்தில் நின்ற நூலகர் வகுப்புச் சோதனைக்கு ஓர் அமில பாட்டிலை எடுத்து வைத்திருக்கிறார். அதில் என் கையெழுத்தில், "நேற்று கலந்தது, கொஞ்சம் கடுமை" என்று இருந்தது. எனக்கு அது போதும். ஆனால் அந்தக் கண்ணாடிக்காரப் பெண், புனல் செய்முறையை எழுதினாளே அவளேதான், எல்லோரையும் தடுத்துவிட்டாளாம். "நேத்துன்னா எந்த நேத்து சார்? கொஞ்சம்னா எவ்வளவு?" என்றாளாம். "பெரியவர் எழுதினா சரியாத்தாம்மா இருக்கும், ஊத்து" என்று நூலகர் சொல்லியும் அவள் தொடவில்லை.

திரும்பி வந்து அளந்து பார்த்தேன். சோதனைக்கு வேண்டியதைப்போலப் பத்து மடங்கு கடுமை. கையில் பட்டிருந்தால் தோல் உரிந்திருக்கும். இப்போது எல்லா பாட்டிலுக்கும் சீட்டு மாற்றி ஒட்டுகிறேன்: என்ன, எவ்வளவு, எந்தத் தேதி, மேலே பட்டால் என்ன செய்வது. இடைவேளையில் அவள் வந்து சரிபார்க்கிறாள். நேற்று இரண்டைத் திருப்பிக் கொடுத்தாள், கழுதை.

தலைமையாசிரியரைப் பார்த்தேன். "புகாரை வாபஸ் வாங்குறீங்களா பெரியவரே?" என்றார். மாட்டேன் என்றேன். கால்சட்டை நனைந்தது நடந்த விஷயம். ஆனால் புகாரில் ஒரு வரி விட்டுப்போயிருந்தது. பிள்ளைகள் சிரித்தபோது நீங்கள் மேஜையைத் தட்டி, "ஐயா மேல ஒரு தப்பும் இல்ல. எழுதினவங்க மேலதான். வந்து தரையத் துடைங்க" என்றீர்கள். எனக்குக் காது நன்றாகவே கேட்கும். கேட்டும் எழுதவில்லை. அந்த வரியைச் சேர்த்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

அவர் இரண்டு தடவை படித்தார். நீங்கள் சம்மதம் எழுதினால் முதல் தேதியிலிருந்து பழைய வகுப்பையே தருவதாகச் சொன்னார். வெள்ளிக்கிழமைக்குள் கடிதம் வராவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்களாம்.

எழுதிவிடுங்கள் அம்மா. என் மேல் கோபம் இருக்கும். அதைத் தனித்தாளில் என் பெயருக்கு அனுப்புங்கள், எத்தனை பக்கமானாலும் உட்கார்ந்து படிக்கிறேன். சம்மதக் கடிதத்தை மட்டும் தள்ளிப்போட வேண்டாம். வயதில் மூத்தவன் கேட்கிறேன், வந்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஆய்வுக்கூட உதவியாளன்