பயம் என்ற தலைப்புக்கு எதிரே

இன்று காலை அச்சகத்தில் புது மை டின்னைத் திறந்தார்கள். அந்த வாடைக்கு உடனே தும்முகிறவள் நீ. பழக்கத்தில் உன் நாற்காலிப் பக்கம் திரும்பிவிட்டேன். காய்ச்சல் என்று லீவு போட்டுப் போனவள், அப்படியே போய்ச் சேர்ந்துவிட்டாய்.

காலண்டர், பட்டாசு லேபிள் எல்லாவற்றிலும் எழுத்துகளைத் தானாக அடுக்கும் சின்னச் சின்ன கம்ப்யூட்டர் நிரல்களை நாம் இருவரும்தான் எழுதினோம். ஒவ்வொன்றின் தலையிலும் அது என்ன செய்யும், எதை வாங்கும், எதைத் தரும் என்று குறித்து வைப்போம். நீ நாலாவதாக ஒரு தலைப்பைச் சேர்த்தாய்: பயம். எங்கே சொதப்பும் என்று தோன்றுகிறதோ அதை அங்கே எழுதுவாய். காலண்டர் நிரலில் 'பயம்: பிப்ரவரி 29' என்று இருக்கும்.

முதலாளி அண்ணாச்சி சிரித்தார். "என்னம்மா, கம்ப்யூட்டருக்குள்ள பயத்தைப் போட்டு வச்சிருக்கீக?"

"அதுக்குப் பயம் கிடையாதுல்ல அண்ணாச்சி, நாமதான படணும்" என்றாய். என்னிடம் தனியாக, "எழுதி வச்சுட்டா நிம்மதியா உறங்கலாம், புள்ள" என்றாய்.

இன்று எம். புதுப்பட்டி பட்டாசு ஆலையிலிருந்து அவசர ஆர்டர். புது வெடிக்கு நீளமான பெயர். நீ கடைசியாக எழுதிய லேபிள் நிரலைத் திறந்தேன். மூன்று தலைப்புகளும் நிரம்பியிருந்தன. பயம் என்பதற்கு எதிரே ஒன்றுமே இல்லை. பயப்பட ஒன்றுமில்லை என்று விட்டாயா, எழுதுவதற்குள் காய்ச்சல் வந்துவிட்டதா? யாரிடம் போய்க் கேட்பேன்?

"அந்தப் பிள்ளை எழுதலைன்னா ஒண்ணுமில்லன்னுதான அர்த்தம்? ஓட்டுங்கம்மா, சீசன் நேரம்" என்றார் அண்ணாச்சி.

திரையில் எல்லாம் சரியாகத்தான் தெரிந்தது. ஆனாலும் மனசு கேட்கவில்லை. ஒரு தாளை அச்சடித்து, லேபிள் அளவுக்கு வெட்டிப் பார்த்தேன். பெயர் இரண்டு வரியாகி, கீழே இருந்ததையெல்லாம் வெட்டுக் கோட்டுக்கு வெளியே தள்ளிவிட்டிருந்தது; திரையில் அந்தக் கோடு தெரியாது. 'கையில் பிடித்துக் கொளுத்தக் கூடாது' என்ற வரி, நறுக்கிப் போட்ட துண்டில் கிடந்தது. எந்த வீட்டுப் பிள்ளையின் கை போயிருக்குமோ. துண்டை அண்ணாச்சியிடம் நீட்டினேன். அவர் மிஷின்காரரைக் காத்திருக்கும்படி கையைக் காட்டினார்.

நிரலைத் திருத்திவிட்டு, நீ விட்ட இடத்தில் எழுதினேன்: 'பயம்: பெயர் நீண்டால் எச்சரிக்கை வரி வெட்டில் போய்விடும். திரையை நம்ப வேண்டாம்.'

திருத்திய லேபிள்கள் புதுப்பட்டிக்குப் போய்விட்டன. உன் மற்ற நிரல்களையும் இனி ஒவ்வொன்றாகத் திறக்க வேண்டும். முன்பெல்லாம் ஒருத்தி கவனிக்காமல் விட்டதை இன்னொருத்தி பயந்து பிடித்துவிடுவாள். இப்போது இரண்டு பேருக்கும் சேர்த்து நான் ஒருத்தியே பயப்படுகிறேன்.