கிரேன் ரோபோவின் அக்குள் அழுக்கு

லப்பைக்குடிக்காடு,
ஞாயிற்றுக்கிழமை, அஸர் தொழுகைக்குப் பிறகு.

அன்புள்ள வாசிம் அண்ணனுக்கு உன் தம்பி ஆசிப் எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். அம்மா நலம். அத்தா நலம், அத்தாவின் இடுப்பு மட்டும் நலமில்லை; அது எப்போது நலமாக இருந்தது? நான் உடம்பளவில் நலம். மற்ற அளவுகளை இதைப் படித்துவிட்டு நீயே எடுத்துக்கொள்.

போன் இருக்கும்போது இவன் எதற்குப் பேனாவைப் பிடிக்கிறான் என்று நினைப்பாய். வாய்ஸ் மெசேஜ் போட்டால் அம்மா முதுகுக்குப் பின்னால் வந்து நிற்பார். டைப் செய்தால் மூன்றாவது வரியில் என் கை தானாகப் பொய்க்குத் தாவும், அதற்கு அவ்வளவு பழக்கம். மதார் மாமா வியாழக்கிழமை திருச்சியில் மறுபடி சவுதிக்குப் பிளேன் ஏறுகிறார். வீட்டுக்கு இரண்டு கிலோதான் என்று சொல்லிவிட்டார். அம்மா கறிமசாலா ஒரு கிலோவும் எலுமிச்சை ஊறுகாய் முக்கால் கிலோவும் கட்டிவிட்டார். மிச்சமிருக்கும் கால் கிலோவில்தான் நானும் என் பாவமும் வந்து சேர வேண்டும். கையில் கொடுத்துவிடும் கடிதத்தை ஒட்டக் கூடாது, கொண்டுபோகிறவரைச் சந்தேகப்பட்ட மாதிரி ஆகும் என்பது அத்தா போட்ட சட்டம். ஒட்டவில்லை. ஆனால் ரோபோ பெட்டிக்குள், ரோபோவின் முதுகுக்கு அடியில் மடித்து வைத்திருக்கிறேன். பெட்டியைத் திறந்ததும் உனக்கு எல்லாம் விளங்கியிருக்கும். திட்டி முடித்துவிட்டு மேலே படி.

ஆமாம் அண்ணே, அந்தச் சிந்தாமணி நான்தான்.

ரோபோ பொம்மை சேர்ப்பவர்களின் நம் வாட்ஸாப் குழுவில் நீதான் நீதிபதி என்பதில் எனக்குப் பெருமை உண்டு, கொஞ்சம் எரிச்சலும் உண்டு. பெரம்பலூர், அரியலூர், திருச்சி என்று நாற்பது பேர் சண்டை போடுவார்கள். கடைசியில் நீ ஒரு வரி எழுதுவாய், எல்லாரும் வாயை மூடுவார்கள். நீ ஏமாறுவாயா என்று ஒரே ஒரு தடவை பார்க்க ஆசைப்பட்டேன். உன் பெட்டியிலிருந்து எல்லாரிடமும் இருக்கும் சிவப்புக் கிரேன் ரோபோவை எடுத்தேன். அத்தா கடையில் காவிப்பொடி, உப்புத்தாள். வீட்டில் டீ டிக்காஷன். ஃபைஸாவின் பள்ளிக்கூடப் பையில் வெள்ளி நிறப் பென்சில். தங்கச்சிக்கு இன்னும் விஷயம் தெரியாது. ஓரங்களைத் தேய்த்து, பென்சிலால் கீறல் வரைந்து, காவியை டிக்காஷனில் குழைத்துத் துரு ஏற்றி, மொட்டை மாடி வெயிலில் இரண்டு நாள் காயவைத்தேன். ரோபோவுக்கு முப்பது வயசு ஏறியது. எனக்கு ஒரு மாத்திரை புத்தி ஏறவில்லை. பழைய சிம்மில் ‘சிந்தாமணி, செந்துறை’ என்று பெயர் போட்டு, சிந்தாமணியின் மாமா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்தது, கம்பெனியே அழுக்காக்கி விட்ட அபூர்வ வகையாம், உண்மையா என்று குழுவில் படம் போட்டேன்.

கருத்து மழை. நல்லுசாமி சார் ரிட்டயர் ஆனாலும் பிரம்பைக் கீழே வைக்காதவர் அல்லவா, புதுப் பொருளைக் கம்பெனியே அழுக்காக்கி விலையை ஏற்றி விற்பது புதுச் சட்டையைக் கிழித்து விற்பது போலத்தான் என்று பாடம் எடுத்தார். இப்போது அப்படித்தான் சார் விற்கிறார்கள், என் மகன் போட்டிருக்கிறான் என்று யாரோ பதில் போட்டார்கள். குன்னம் லீலாவதி அக்கா, அதே அச்சில் வேறு நிறம் அடித்தாலே அது வேறு ஆள், எனக்கு ஒன்பது நிறமும் ஒன்பது பிள்ளைகள் என்றார். திருச்சி செந்தில்குமார், கையில் வைத்து விளையாடித் தேய்ந்ததுதான் தேய்மானம், கம்பெனி வரைந்தது வெறும் கோலம் என்றான். அரியலூர் முத்தமிழ்செல்வன் அண்ணன் மட்டும் கருத்து சொல்லவில்லை. அவர் குவாரியில் லாரிகளுக்கு டோக்கன் கொடுப்பவர். எங்க குவாரியில நிக்கிற கிரேன் அப்படியே இதுதான் என்று ஒரு வரி எழுதினார், அவ்வளவுதான்.

நீ வருவாய், இரண்டு நிமிஷத்தில் என் தோலை உரிப்பாய் என்று காத்திருந்தேன். யார் படம் போட்டாலும் ஆறு படம் கேட்பவன் நீ. உள்ளங்கை காட்டு, முழங்கை காட்டு, அக்குள் காட்டு. விரல் படுகிற இடத்தில்தான் நிஜத் தேய்மானம் வரும், விரலே போகாத இடத்தில் அழுக்கு இருந்தால் அது பொய் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீ. நான் அவசரத்தில் அக்குளிலும் காவி பூசியிருந்தேன். முதல் படத்திலேயே அது பட்டவர்த்தனமாகத் தெரிந்தது. நீ ஒரு படம்கூடக் கேட்கவில்லை. “ஒரிஜினல்தான். விட்டுடாதீங்க” என்று எழுதினாய்.

அப்போதே நான் சிரித்துவிட்டு உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வாய் திறந்தபோது முத்தமிழ்செல்வன் அண்ணன் தனியாக மெசேஜ் போட்டார். மாற்றிக்கொள்ளலாமா, என் நீலத்தைத் தருகிறேன் என்றார். எந்த நீலம் தெரியுமா? முதல் அச்சு நீலக் கிரேன், பெட்டியோடு. நீ நாலு வருஷமாக அவரிடம் கெஞ்சுகிற அதே நீலம். நீ வரும்போது உன் மேஜைமேல் அதை நிறுத்தி வைத்து உன் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன். நினைப்பு நல்ல நினைப்புதான், போன பாதைதான் சாக்கடை. அரியலூர் பஸ் ஸ்டாண்டில் சிந்தாமணியின் அக்கா மகனாகப் போய் நின்றேன். அவர் நீலத்தைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். வாசிம் தம்பி சொல்லிட்டாரு, அப்புறம் என்ன என்று பெட்டியைத் திறந்துகூடப் பார்க்காமல் வாங்கிக்கொண்டார். பஸ்ஸுக்கு முன்னால் எனக்கு ஒரு ரோஸ் மில்க் வேறு.

நாலாம் நாள் அவருடைய சின்ன மகள் ரோபோவைப் பக்கெட்டில் போட்டுக் குளிப்பாட்டிவிட்டாள். பக்கெட் தண்ணீர் டீயானது, ரோபோ பழைய சிவப்பானது. அவர் பக்கெட்டைப் படமெடுத்துக் குழுவில் போட்டு, தப்பு என் கண்ணுமேலதான் என்று எழுதினார். சிந்தாமணியை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியது செந்தில்குமார். சவுதியில் உட்கார்ந்துகொண்டு சர்ட்டிபிகேட் கொடுக்கிற ஆளுக்கும் சிந்தாமணிக்கும் கூட்டு, பங்கு எவ்வளவு என்று கேட்டான். மற்றவர்களும் ஒவ்வொருவராக ஆரம்பித்தார்கள். நீ பதில் எழுதவில்லை. குழுவிலிருந்து வெளியேறினாய். இன்றோடு பத்தொன்பது நாள். வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் பேசும்போதுகூட என்னைக் கேட்பதில்லை. வேலை அதிகம் என்று அம்மாவிடம் சொல்கிறாய். அம்மா நம்புகிறார். என்னால்தான் உன் பெயர் கெட்டது என்று யாருக்கும் தெரியாமல் பத்தொன்பது நாள் சோறு தின்றேன் அண்ணே. ருசி தெரியவில்லை.

நேற்றுப் பள்ளிக்கூடம் இல்லை. நீலத்தை எடுத்துக்கொண்டு அரியலூருக்குப் போனேன். முத்தமிழ்செல்வன் அண்ணன் வீட்டு வாசலில் சுண்ணாம்புத் தூசியைக் கழுவிக்கொண்டிருந்தார். சிந்தாமணியும் நான்தான், அக்கா மகனும் நான்தான், வாசிமின் தம்பியும் நான்தான் என்று ஒரே மூச்சில் சொன்னேன். அறைவார் என்று கன்னத்தைத் தயாராக வைத்திருந்தேன். அவர் மனைவி அனுசுயா அக்காதான் முதலில் பேசினார். இவ்வளவு பேரையும் ஒரே ஆளா வச்சிருந்தா சோறு எத்தனை தட்டு போடுறது என்று கேட்டுவிட்டு உள்ளே போய் உப்புமா கொண்டுவந்தார். அண்ணன் சிரிக்கவில்லை. நீலத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு சொன்னார்:

“பொம்மைய வுடு தம்பி. என் மக குளிப்பாட்டுன அன்னைக்கே நான் அதை வுட்டுட்டேன். ஆனா அக்குள்ல அழுக்கு இருந்துச்சு. அதை வாசிம் பாக்காம வுடுவாரா? அவருக்கு அங்க என்னமோ சரியில்ல. நீங்க வூட்டுல யாரும் கேக்கலியா?”

நாங்கள் யாரும் கேட்கவில்லை. செந்துறை பஸ்ஸில் திரும்பி வரும்போது முழுக்க யோசித்தேன். நான் படம் போட்டது இங்கே பகல் மூன்று மணி. உனக்குப் பன்னிரண்டரை. நீ எங்களிடம் சொன்னபடி ஏசி ஆபீஸில், ஸ்டோர் கீப்பர் நாற்காலியில், பெரிய மானிட்டரில் பார்த்திருந்தால் நீ என்னைப் பிடித்திருப்பாய். வெயிலில் ஒதுங்கி நின்று, கண் கூச, உடைந்த போன் திரையில் பார்த்தால்தான் அக்குள் தெரியாது. மதார் மாமாவிடம் போனேன். எங்க அண்ணன் எந்த ஆபீஸ் மாமா என்று சும்மா கேட்டேன். பெட்டிக்குக் கயிறு கட்ட வேண்டும், ஒரு முனையைப் பிடி என்றார். அந்தப் பெட்டிக்கு ஏற்கெனவே நாலு கட்டு போட்டிருந்தது.

பிறகு நீ அனுப்பிய பெருநாள் படத்தை எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். புதுச் சட்டை, அத்தர் வாசனைகூடத் தெரிகிற மாதிரி சிரிப்பு. ஆனால் நெற்றியில் நேர்க்கோடு ஒன்று. கோட்டுக்கு மேலே நம் வீட்டு நிறம், கீழே வேறு நிறம். யாராலும் அப்படி வரைய முடியாது. அது ஹெல்மெட் கோடு. அத்தாவின் நெற்றியில் இன்றும் இருப்பது.

அத்தா பதினெட்டு வருஷம் அங்கே வெயிலில் நின்று இடுப்பைக் கொடுத்துவிட்டு வந்தவர். திருச்சி ஏர்போர்ட்டில் உன் கையைப் பிடித்துக்கொண்டு, வெயில்ல நிக்கிற வேலைன்னா அடுத்த பிளேன்ல வந்துரு என்று சொன்னார், நான் பக்கத்தில்தான் நின்றேன். நீ இன்ஷா அல்லாஹ் என்றாய். பெருநாள் படம் வந்த அன்று அத்தா அதை வெகுநேரம் பார்த்தார். அழகா இருக்கான் என்று மட்டும் சொன்னார். அன்று கடையை மதியமே சாத்திவிட்டு வந்துவிட்டார். எதற்கென்று நான் அப்போது கேட்கவில்லை. நம் வீட்டில் கேட்காமல் இருப்பது ஒரு வழக்கமாகிவிட்டது போலிருக்கிறது.

குழுவில் நேற்றே என் சொந்தப் பெயரில், என் சொந்தக் குரலில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நல்லுசாமி சார் என்னை ஒரு மாதம் குழுவில் பேசக் கூடாது என்று மூலையில் நிற்கவைத்திருக்கிறார். செந்தில்குமார் உன்னிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறான், நீ இல்லாத இடத்தில். லீலாவதி அக்கா, அக்குளைத் தவிர வேலை சுத்தம் என்றார். உன் இடத்தில் யாரையும் உட்கார வைக்கவில்லை. முத்தமிழ்செல்வன் அண்ணன் நீலத்தை வைத்துக்கொண்டு சிவப்பை என்னிடமே கொடுத்துவிட்டார். இதை உங்க அண்ணனுக்கு அனுப்பு, வாசிம் வந்து கேட்டா நீலத்தப் பத்திப் பேசிக்கலாம் என்றார். காலிடுக்கில் இன்னும் கொஞ்சம் காவி ஒட்டியிருக்கிறது. ஈரத்துணியால் துடை, வந்துவிடும்.

பேசினால் அம்மா கேட்பார் என்று பயப்படாதே. மதார் மாமா ரபியுல் அவ்வல் மாதத்தில் திரும்பி வருகிறார், அவர் கையில் இரண்டு வரி கொடுத்துவிடு, போதும். உன் நெற்றியைப் பற்றி அம்மாவிடம் நான் சொல்ல மாட்டேன். அத்தாவிடம் சொல்ல வேண்டியிருக்காது என்று நினைக்கிறேன்.

எனக்கு ஒரே ஒரு படம் அனுப்பு அண்ணே. பெருநாள் சட்டை வேண்டாம். பகல் பன்னிரண்டரைக்கு, ஹெல்மெட்டோடு, எங்கே நிற்கிறாயோ அங்கேயே நின்று எடுத்தது. ஆறு படம் கேட்க மாட்டேன். யாருக்கும் காட்ட மாட்டேன். கருத்தும் சொல்ல மாட்டேன்.

அல்லாஹ் உன் தலைக்கு மேல் எப்போதும் ஒரு நிழலை வைத்திருப்பானாக.

உன் துஆவை வேண்டும் தம்பி,
ஆசிப்