குழாயடித் தண்டவாளம்

மார்ச் 4, செவ்வாய்

இன்றைக்கும் தோண்டிவிட்டார் என் வீட்டுக்காரர். பின்பக்கத் தோட்டத்தைச் சுற்றி ஓட நாங்களே கட்டிய குட்டி ரயிலுக்கு ஒரே ஒரு நேர்ப்பாதைதான் இருக்கிறது. குழாயடியில் தொடங்கி எலுமிச்சைச் செடி வரைக்கும். அது வளைந்திருக்கிறதாம்! போன மாதமும் இதே கதைதான். ஜல்லியை வாரி, கட்டைகளைக் கிளப்பி, இரண்டு ஆணி அடித்துக் கயிறு கட்டிப் பார்த்தார்.

"கயிறே சரியில்ல. வேற கொண்டா."

"இழுத்துக் கட்டின கயிறு எப்படிங்க வளையும்?"

"முப்பது வருஷம் நிலம் அளந்தவன்கிட்ட கேக்குற கேள்வியா இது?"

வாயை மூடிக்கொண்டேன். சர்வேயருக்கு வாழ்க்கைப்பட்டவள் நேர்கோட்டைப் பற்றி வாயைத் திறக்கலாமா?

மார்ச் 6, வியாழன்

புது நிலக்கரி வேகன் முடிகிற கட்டம். எங்கள் வீட்டில் பாகம் பிரித்தது பிரித்ததுதான்: பாதையும் என்ஜினும் அவர் பாடு, வேகன்கள் என் பாடு. கட்டுவது பெரிய காரியமில்லை. செங்கல்லைவிடக் கொஞ்சம் நீளமான மரப்பெட்டி, நாலு சக்கரம், அவ்வளவுதான். அதற்கு வயசு ஏற்றுவதில்தான் என் கெட்டிக்காரத்தனம் எல்லாம்.

பகலில் பல் கட்டும் லேபில் எனக்குச் சோறு போடுவதும் இதே வேலைதானே. கட்டுகிற பல் வெள்ளைவெளேர் என்று இருந்தால் பொய்ப்பல் என்று ஊருக்கே தெரிந்துவிடும். பக்கத்துப் பல்லின் டீக்கறையை இதற்கும் கொஞ்சம் போட வேண்டும். வேகனுக்கும் அப்படித்தான். கறுப்புச் சாயத்தைத் தண்ணீராகக் கரைத்துப் பலகை இடுக்கில் விட்டேன். பழைய இரும்பிலிருந்து சுரண்டிய துருப்பொடியை ஆணி ஆணியாகத் தொட்டுவைத்தேன். மழை வடிந்த தடத்துக்குச் சாக்பீஸ் தூள். தள்ளி நின்று பார்த்தேன். அடடா! சத்தியமாக எண்பது வருஷம் கரி சுமந்த வண்டிதான்.

மேலே மங்கல் வார்னிஷ் ஒரு பூச்சு கொடுத்தால்தான் பொடி நிற்கும். டப்பா காலி. சனிக்கிழமை வாங்கணும்.

மார்ச் 8, சனி

வார்னிஷோடு வந்தால் மேஜைமேல் வேகன் பளபளவென்று நிற்கிறது. பக்கத்தில் ஈரத்துணி.

"தூசி படிஞ்சு கிடந்துதும்மா. துடைச்சு வெச்சேன்."

தூசியா? தூசியாம்! எத்தனை வேகன் நான் செய்து பார்த்திருக்கிறார் இந்த மனுஷன்! துரு எது, தூசி எது என்று தெரியாதா? வேணும்னே செஞ்சாரா? செவ்வாய்க்கிழமை கயிறு விஷயத்துல எதிர்த்துப் பேசினேனே, அதுக்கா? இனி ஒரு வேகன்கூடச் செய்ய மாட்டேன், போ.

மார்ச் 9, ஞாயிறு

பேசவில்லை. டீ மட்டும் வைத்தேன், சர்க்கரை போடாமல். முகம் சுளிக்காமல் குடித்துவிட்டார். அது இன்னும் எரிச்சல்.

மார்ச் 11, செவ்வாய்

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

சாயங்காலம் ரயில் ஓட்டினார். அவர் புதிதாகப் போட்ட நேர்ப்பாதையில் வந்ததும் என்ஜின் தள்ளாடி, பின்னால் வந்த வேகன்கள் மொத்தமும் குழாயடிச் சேற்றில் குப்புற விழுந்தன. கோபத்தில் என் வேலை மேஜையிலிருந்த இரும்பு ஸ்கேலை எடுத்துக்கொண்டு போய் மண்டி போட்டேன். முன்பு நேராக இருந்த பாதையை இப்போது இவர்தான் நெளித்து வைத்திருக்கிறார். ஸ்கேலை ஒட்டிவைத்து, தட்டித் தட்டி நேராக்கினேன்.

பின்னால் வந்து நின்று, "இன்னும் வளைஞ்சுதான் இருக்கு" என்றார்.

ஸ்கேல் தண்டவாளத்தோடு ஒட்டி உட்கார்ந்திருக்கிறது. ஒரு தாள்கூட நடுவே நுழையாது. சட்டென்று என்னவோ தோன்றியது. ஸ்கேலைத் தனியாக எடுத்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"இது?"

தலையைச் சாய்த்து ஓரக்கண்ணால் பார்த்தார்.

"ஏங்க, இந்த ஸ்கேலும் வளைஞ்சிருக்கா?"

கவிழ்த்துப் போட்டிருந்த வாளியைத் தடவிப் பார்த்து, அதன்மேல் மெதுவாக உட்கார்ந்தார். "ஆமா" என்றார்.

கதவு நிலை வளைந்து தெரிகிறதாம். விளக்குக் கம்பம் நெளிகிறதாம். எதைப் பார்த்தாலும் நடுவில் புகை மாதிரி ஒன்று நிற்கிறதாம். "ஓரமா பாத்தா உன் காது தெரியுது. நேரா பாத்தா மூஞ்சி இல்ல."

வேகனில் இருந்த துருவும் தெரியவில்லை. விரலில் பொடி நெருடியது, தூசி என்று நினைத்தார். அவ்வளவுதான். நான் அந்த டீயில் சர்க்கரைகூடப் போடவில்லை.

"ஏன் சொல்லல?"

"சொன்னா ரயிலைப் புடுங்கிருவீங்க, நீயும் உன் பொண்ணும்."

அங்கேயே சேற்றில் உட்கார்ந்து அழுதேன். "ஏய், புடவை பாழாகுது" என்கிறார். அது மட்டும் தெரிகிறதாக்கும்!

மார்ச் 14, வெள்ளி

கண் டாக்டரம்மா கட்டம் போட்ட தாள் ஒன்றைக் காட்டி, கோடெல்லாம் எப்படித் தெரிகிறது என்று கேட்டார். "போட்டவன் வேலைக்கு லாயக்கில்ல" என்றார் இவர். டாக்டர் சிரிக்கவில்லை.

வயதில் வருகிற கோளாறாம். விழித்திரையின் நடுப்பகுதி பழுது. வலது கண்ணுக்கு இனி ஒன்றும் செய்வதற்கில்லை. இடது கண்ணுக்கு மாதாமாதம் ஊசி. "போனது வராதுங்க. இருக்கறதைக் காப்பாத்திக்கலாம். முழு இருட்டாயிடாது, பயப்படாதீங்க" என்றார்.

திரும்பி வரும்போது இவர் என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தார். கல்யாணமான புதிதில்கூடத் தெருவில் பிடித்ததில்லை.

மார்ச் 30, ஞாயிறு

தோட்டத்துப் பக்கமே போவதில்லை. பின்கதவைக்கூடத் திறப்பதில்லை. இன்றைக்கு மகளுக்குப் போன் போட்டு, "ரயிலை எல்லாம் பெட்டியில கட்டிடறோம், நீ வந்து எடுத்துட்டுப் போ" என்றார். "நான் எடுத்துட்டு வந்து எங்க ஓட்டறதுப்பா, கட்டிலுக்கு அடியிலயா?" என்றாள் அவள். போனை என்னிடம் கொடுத்ததும் அழுகிறாள்.

நான் கத்தினேன். "கண்ணு போனா ரயிலும் போகணுமா?"

"பாக்க முடியாத ரயிலை வெச்சுக்கிட்டு?"

ரயில் போய்விட்டால் இவர் நாற்காலியிலேயே கரைந்துவிடுவார். எனக்கு அதுதான் பயம்.

ஏப்ரல் 9, புதன்

துடைத்த வேகனுக்கு மறுபடி வயசு ஏற்றி, வார்னிஷும் போட்டு முடித்தேன். எதற்கு? யார் பார்க்கப்போகிறார்கள்? கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது, அதற்காகத்தான்.

"காஞ்சிடுச்சா? குடு" என்று கையை நீட்டினார். கட்டைவிரலால் ஓரம் ஓரமாகத் தடவினார்.

"இது இன்னும் பெயின்ட் அடிக்காததா?"

"என்னது! எண்பது வருஷம் ஓடின வண்டிங்க அது!"

"கைக்குப் பச்சைக்குழந்தையா இருக்கும்மா."

வந்ததே கோபம் எனக்கு! வேகனைப் பிடுங்கிக்கொண்டு மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அப்புறம் நானும் கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்த்தேன். வழவழவென்று இருக்கிறது. சொல்வது சரிதான். இத்தனை வருஷமாக நான் ஏற்றிய வயசெல்லாம் வெறும் பூச்சு.

ஏப்ரல் 12, சனி

லேபிலிருந்து, பல் குடைகிற தேய்ந்துபோன ஊசிகளைக் கைநிறைய அள்ளி வந்தேன். "யாருக்கும்மா பல்லு?" என்று கேட்டார் முதலாளி. "ஒரு கரிவண்டிக்கு" என்றேன். முழித்தார்.

மேல்பலகையின் விளிம்பைக் கடித்த மாதிரி அங்கங்கே குடைந்து வைத்தேன், கரி அள்ளுகிறவன் மண்வெட்டி பட்ட இடம். உள்ளே தரையில் நீளநீளமாகச் சிராய்ப்பு. பாரம் அழுத்திப் பக்கப்பலகை ஒன்று வெளியே பிதுங்கியிருக்கிறது. ஒரே ஒரு பலகையை மட்டும் வழவழப்பாக விட்டேன், பழசு உடைந்து புதுசு போட்ட மாதிரி. துருவுக்குப் பொடி மண்ணைப் பெயின்டில் குழைத்து அப்பினேன். நிறம் ஏனோதானோ. நிறத்தை யார் கேட்டார்கள்?

ஏப்ரல் 13, ஞாயிறு

வேகனை அவர் மடியில் வைத்தேன். விரல் நடந்தது, நின்றது, திரும்பி வந்தது.

"இங்க எவனோ மண்வெட்டியால போட்டிருக்கான்… சோம்பேறிப்பய, தூக்கிக் கொட்டாம இடிச்சே கொட்டியிருக்கான். இது வயிறு தள்ளின பலகை. ஓவர் பாரம். இது… இது மாத்தின பலகையா?"

"ம்."

"அடி கள்ளி!"

ஒரு மாதத்துக்கும் மேல் ஆயிற்று அந்தச் சிரிப்பைக் கேட்டு. மற்ற வேகன்களையும் எடுத்துவரச் சொன்னார். ஒவ்வொன்றாகத் தடவி, "எல்லாம் பச்சைக்குழந்தை. தூக்கிட்டுப் போ, வயசாக்கிக் கொண்டா" என்று உத்தரவு. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வெளியே காட்டிக்கொள்ளாமல் முணுமுணுத்துக்கொண்டே தூக்கிப் போனேன்.

மே 4, ஞாயிறு

பின்கதவைத் திறந்தார். ஸ்டூலைக் குழாயடியில் போட்டு உட்கார்ந்துகொண்டார். முதல்முறையாக நான் ஓட்டினேன்.

"மெதுவா! பல்லு புடுங்குற மாதிரி இழுக்காதே!"

வேகன்கள் போகும்போது கையைத் தாழ்த்தி வைத்து, விரல் நுனியில் உரச விட்டார். கரிவண்டி வரும்போது மட்டும் தலையை ஆட்டினார்.

மே 25, ஞாயிறு

இன்றைக்கு ரயில் குழாயடியைத் தாண்டியதும், "நிறுத்து" என்றார். "இங்க இறங்கியிருக்கு."

"மறுபடி ஆரம்பிச்சாச்சா? பாதை நேராத்தாங்க இருக்கு, நான் போட்டது."

"வளைஞ்சிருக்குன்னா சொன்னேன்? இறங்கியிருக்கு. கரிவண்டி இந்த இடத்துக்கு வந்தா ரெண்டு தட்டு தட்டுது. உனக்குக் கேக்கல?"

எனக்குக் கேட்கவில்லை. இன்னொரு சுற்று விட்டேன், அப்போதும் கேட்கவில்லை. அவர் வாயை அடைக்கத்தான் ஸ்கேலைக் கொண்டுவந்தேன். தண்டவாளத்தின் மேல் படுக்க வைத்துத் தலையைத் தரையில் வைத்துப் பார்த்தால், ஸ்கேலுக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே வெளிச்சம். நகம் நுழைகிற இடைவெளி. குழாய் ஒழுகி அடியில் ஜல்லி அரித்துப் போயிருக்கிறது.

"என்ன, ஸ்கேல் என்ன சொல்லுது?" என்றார்.

"தோண்டணும்னு சொல்லுது" என்றேன்.

நான் தோண்டினேன். அவர் ஸ்டூலில் உட்கார்ந்து, இன்னும் ஒரு பிடி போடு என்றார், போட்டேன். போதும் என்றார், நிறுத்தினேன்.